தெரு முதலா, வீடு முதலா? வளரும் நகரங்களின் தெரு அமைப்பு பற்றி

கோடைமழை:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மகள் படிக்கும் பள்ளியின் கொடிக்கம்பம் தெரியும். மணி அடித்தால் கேட்கும். வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் 350 மீட்டர். ஆனால் போய்ச் சேர 2 கிலோமீட்டர் ஆகிறது. நடுவில் ஒரு சுவர். எங்கள் மனைப்பிரிவை ஒருவர் போட்டார், பக்கத்து மனைப்பிரிவை இன்னொருவர் போட்டார். இரண்டுக்குள்ளும் தெருக்கள் நேராக, ஒழுங்காகத்தான் இருக்கின்றன. எங்கள் நான்காவது குறுக்குத் தெரு போய் அந்தச் சுவரில் முட்டுகிறது. அவர்களுடைய தெருவும் அந்தப் பக்கம் அதே இடத்தில் வந்து முட்டுகிறது.

சுவரின் அடியில் யாரோ மூன்று கற்களைப் படி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேல்விளிம்பில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் சிமெண்ட் பூச்சு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அத்தனை பேர் கை ஊன்றித் தாண்டியிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு இருப்பவரும் முட்டி வலிக்காரரும் தாண்ட முடியுமா? அவர்கள் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியதுதான்.

அதனால் எல்லோரும் வண்டியை எடுக்கிறோம். ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் பிரதான சாலைக்கு ஒரே ஒரு வாய். காலை எட்டரைக்கு அத்தனை வண்டியும் அந்த வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அப்புறம் பிரதான சாலையில் நெரிசல், அகலப்படுத்த வேண்டும் என்கிறார்கள். பள்ளிக்குப் போகும் நாங்கள் அந்தச் சாலைக்கே வந்திருக்க வேண்டியதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

என் கேள்வி இதுதான். ஊர் வளரும்போது தெருவை யார், எப்போது வரைய வேண்டும்? எந்த ஊராவது இதைச் சரியாகச் செய்திருக்கிறதா? கட்டி முடித்த பிறகு திருத்த வழி இருக்கிறதா?

சங்கிலி_அளவர்:

அம்மா, முப்பது வருடம் நிலம் அளந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கட்டடத்தை இடிக்கலாம், திரும்பக் கட்டலாம். தெருக்கோடு மட்டும் ஒருமுறை விழுந்தால் அசையாது. தீ விபத்தில் அழிந்த ஊர்கள்கூடப் பழைய தெருக்கோட்டிலேயே மறுபடி எழுந்திருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்காரரின் எல்லையும் அந்தக் கோட்டில்தான் கட்டியிருக்கிறது. அதனால் தெரு முதலில் வர வேண்டும், குறைந்தபட்சம் அதன் கோடாவது வர வேண்டும்.

சரியாகச் செய்த ஊர் என்று கேட்டீர்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டனைச் சொல்வேன். 1811இல் திட்டம் போட்டபோது அங்கே மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஊர் தீவின் தென்முனையில் மட்டும் இருந்தது. வடக்கே தோட்டமும் பாறையும் சதுப்பும்தான். அப்போதே 12 அவென்யூக்கள், 155 குறுக்குத் தெருக்கள் என்று கோடு போட்டுவிட்டார்கள். அவென்யூ 100 அடி, சாதாரணக் குறுக்குத் தெரு 60 அடி. 1900இல் அங்கே 18 லட்சத்துக்கும் மேல் மக்கள். கோடு அவர்களுக்காகக் காத்திருந்தது.

அந்தக் கோட்டைத் தரையில் இறக்கிய அளவர் ஜான் ராண்டல். தெருக்கள் சந்திக்கும் இடமெல்லாம் பளிங்குக் கல் நட்டார். பாறையாக இருந்தால் இரும்பு ஆணியை அடித்து இறக்கினார். அத்துமீறி நுழைந்தார் என்று நில உரிமையாளர்கள் அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். காய்கறியால் அடித்ததாகவும் சொல்வார்கள். ஒரு ஆணி இன்றும் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பாறையில் இருக்கிறது. என் தொழிலில் இதைவிட மரியாதைக்குரிய பொருள் எதுவும் எனக்குத் தெரியாது.

அந்தத் திட்டத்திலும் குறை உண்டு. குன்றை வெட்டி, ஓடையைப் புதைத்துக் கட்டத்தைப் பொருத்தினார்கள். நிலத்தின் சரிவைக் கேட்காமல் வரைந்த கோடு அது. நீரோடும் தடத்தை மறித்துத் தெரு போட்டால் மழைக்காலத்தில் தெருவே ஓடையாகும்.

நாற்பதடி_ரோடு:

கோடெல்லாம் சரி. என்னைக் கேட்டால் முக்கியம் அகலம். நான் சரக்கு வண்டி வைத்துத் தொழில் செய்கிறேன். குறுகின தெருவுக்குள் லாரியை விட்டால் பின்னாலேயே வெளியே எடுக்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்கும் அதே கதி. ஊர் வளரப் போகிறது என்று தெரிந்தால் எல்லாத் தெருவையும் அகலமாகப் போட்டுவிட்டால் பின்னால் யாரும் அழ வேண்டியதில்லையே.

வரைபலகை:

நண்பரே, உங்கள் வண்டிப் பிரச்சினை உண்மையானது. ஆனால் அகலத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். நான் நகரத் திட்டமிடலில் வேலை செய்கிறேன். மூன்று ஊர்களின் கட்டங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி: மனைத் தொகுதி, அதாவது நான்கு தெருக்களுக்கு நடுவே இருக்கும் சதுரம், 660 அடிக்கு 660 அடி, தெரு 132 அடி. மாட்டு வண்டியைத் திருப்புகிற அளவுக்கு அகலம் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். அதே நாட்டின் போர்ட்லேண்ட்: தொகுதி 200 அடிக்கு 200 அடி, தெரு 60 அடி. ஸ்பெயினின் பார்சிலோனாவில் செர்தா என்ற பொறியாளர் 1859இல் வரைந்த விரிவாக்கப் பகுதி: தொகுதி சுமார் 113 மீட்டர், தெரு 20 மீட்டர்.

தெருவுக்குப் போகும் நிலம் சால்ட் லேக்கில் 31 சதவீதம், பார்சிலோனாவில் 28 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் வரும் சந்திப்புகளை எண்ணினால் சால்ட் லேக்கில் 17, பார்சிலோனாவில் 56. அதே நிலத்தைக் கொடுத்து மூன்று மடங்குக்கும் மேல் சந்திப்பு. போர்ட்லேண்டில் 159 வருகிறது, அதற்கு 41 சதவீத நிலம் கொடுத்திருக்கிறார்கள்.

சந்திப்பு கூடினால் என்ன லாபம்? போக வேண்டிய இடத்துக்கு வழி கூடுகிறது. ஒரு தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டினால் அடுத்த தெருவில் போய்விடலாம். மூலைகள் கூடுவதால் கடை வைக்க இடமும் கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நடை தூரம் குறைகிறது. சதுரக் கட்டத்தில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போனாலும் நேர்கோட்டைவிட அதிகபட்சம் 1.4 மடங்குதான் நடப்பீர்கள். கோடைமழை சொன்ன வழியில் அது கிட்டத்தட்ட 6 மடங்கு. அந்தச் சுவர்தான் அவருடைய பிரச்சினை. அவர் தெருவை 60 அடியாக்கினாலும் பள்ளி ஒரு மீட்டர்கூடப் பக்கத்தில் வராது.

ஐ.நா.வின் குடியிருப்புத் திட்ட அமைப்பான ஹாபிடாட்டின் பரிந்துரையும் இதை ஒட்டித்தான். நிலத்தில் 30 சதவீதமாவது தெருவுக்கு, சதுர கிலோமீட்டருக்கு 18 கிலோமீட்டர் தெரு நீளம். 18 கிலோமீட்டர் என்றால் சுமார் 110 மீட்டருக்கு ஒரு தெரு. குழந்தை ஒன்றரை நிமிடத்தில் நடந்துவிடும் தூரம்.

கடைசி_நிறுத்தம்:

நான் பேருந்து ஓட்டுகிறேன். இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

என் தடத்தில் ஒரு பெரிய குடியிருப்பு வருகிறது. உள்ளே போக ஒரு வழி, அதே வழியில்தான் திரும்ப வேண்டும். கடைசியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் பேருந்தைத் திருப்ப வேண்டும். யாராவது கார் நிறுத்தியிருந்தால் நடத்துநர் இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவார். உள்ளே போய் வெளியே வர 11 நிமிடம். வெளியே இருந்து ஏறி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த 11 நிமிடமும் வீண். கொஞ்ச நாளில் அவர்கள் வண்டி வாங்கிவிட்டார்கள். கூட்டம் குறைந்தது என்று நடைகளைக் குறைத்தார்கள். இப்போது உள்ளே இருப்பவர்களுக்கும் பேருந்து இல்லாத மாதிரிதான்.

அந்தக் குடியிருப்பின் பின்பக்கம் ஒரு திறப்பு இருந்தால் போதும். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறி நேராக அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். தெரு அமைப்பு சரியில்லாத இடத்தில் எத்தனை பேருந்து விட்டாலும் ஓட்டமே கிடைக்காது.

இன்னொன்று. நிறுத்தத்துக்குத் தனிக் குழிவு வெட்டி உள்ளே ஒதுங்கச் சொல்கிறார்கள். ஒதுங்குவது எளிது, திரும்பச் சாலையில் சேருவதுதான் கஷ்டம். யாரும் இடம் விட மாட்டார்கள். நேர்சாலையிலேயே நின்று ஏற்றிக்கொண்டு போகவிட்டால் அறுபது பேரின் நேரம் மிச்சம். திட்டம் போடுபவர்கள் ஒருநாள் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தால் நன்றாக இருக்கும். மனதார அழைக்கிறேன்.

கதவெண்_9:

எல்லோரும் சுவரை உடை, தெருவைத் திற என்கிறீர்கள். நான் முட்டுச்சந்தில் குடியிருக்கிறேன். வேண்டும் என்றே இங்கே வீடு வாங்கினேன். சாயங்காலம் என் பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரியும். திறந்துவிட்டால் பிரதான சாலையில் நிற்க முடியாதவர்கள் எல்லாம் குறுக்கு வழி என்று என் வாசல் வழியாகப் பறப்பார்கள். எதிர்த் தெருவில் அதுதான் நடந்தது. ஒரு பெரியவர் அடிபட்டார். என் பயம் தப்பா?

இருசக்கரம்:

தப்பே இல்லை அண்ணா. வேகமாக வரும் காருக்குப் பயப்படாதவர் யார்? ஆனால் காரை நிறுத்துவதும் மனிதரை நிறுத்துவதும் வேறு வேறு. சுவர் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது, அதுதான் அதன் குற்றம்.

நான் தினமும் சைக்கிளில் போகிறவள், அதனால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். நெதர்லாந்தில் கிரோனிங்கன் நகரம் 1977இல் ஒரு காரியம் செய்தது. நகர மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாது, வெளியே உள்ள வட்டச் சாலைக்கு வந்து சுற்றித்தான் நுழைய வேண்டும். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பேருந்துக்கும் எல்லை கிடையாது. குறுக்கு வழிக் கார்கள் தெருவிலிருந்து போய்விட்டன, தெரு யாருக்கும் மூடப்படவில்லை. பெல்ஜியத்தின் கென்ட் 2017இல் இதே முறையைக் கொண்டுவந்தது. நெதர்லாந்தின் ஹௌட்டன் என்ற ஊரைப் பெரிதாக்கத் திட்டம் போட்டபோதே இப்படித்தான் வடிவமைத்தார்கள். காருக்கு வெளிவட்டச் சாலை, சைக்கிளுக்கு ஊரின் நடு வழியே நேர்வழி.

பார்சிலோனாவில் ஒன்பது தொகுதிகளைச் சேர்த்து ஒரு பெருந்தொகுதியாக்கினார்கள். 2016இல் போப்லெனோவில் செய்தபோது முதலில் எதிர்ப்பு நிறைய வந்தது. கடந்துபோகும் கார் வெளிவிளிம்பில் போகும். உள்ளே வீட்டுக்காரர் கார் மெதுவாக வரலாம், நேராகக் கடந்துபோக முடியாது. நடுத்தெருவில் மேசை போட்டார்கள், மரம் வைத்தார்கள். செர்தா வரைந்த கட்டத்தில் ஒரு கல்லைக்கூட நகர்த்தத் தேவைப்படவில்லை. இணைப்பு இருக்கும் ஊரில் காரை வடிகட்டுவதற்கு நாலு தூண் போதும். இணைப்பே இல்லாத ஊரில் அதை உண்டாக்க வீடு இடிக்க வேண்டும்.

உங்கள் முட்டுச்சந்தின் முனையில் ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு வழி திறந்து, நடுவில் ஒரு கம்பம் நட்டால் எந்தக் காரும் வராது. பிள்ளைகள் மட்டும் அடுத்த தெருப் பிள்ளைகளோடும் சேர்ந்து விளையாடுவார்கள்.

வரைபலகை:

இருசக்கரம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முட்டுச்சந்துக் குடியிருப்புக்கு முன்மாதிரி என்று சொல்லப்படுவது அமெரிக்காவின் ராட்பர்ன், 1929. அங்கே கார்த் தெருக்கள்தான் முட்டி நின்றன. வீடுகளின் பின்பக்கம் பூங்கா வழியாக நடைவழி ஓடியது, பெரிய சாலைக்கு அடியில் சுரங்க நடைபாதை இருந்தது. குழந்தை ஒரு கார்ச் சாலையையும் கடக்காமல் பள்ளிக்குப் போகலாம் என்பதுதான் திட்டத்தின் உயிர். பின்னால் வந்தவர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டார்கள், நடைவழியை விட்டுவிட்டார்கள். நடைவழிக்குக் கொடுத்த நிலத்தில் இன்னும் இரண்டு மனை விற்கலாமே.

மேட்டுநிலம்:

ஒருவர்கூட நிலத்துக்காரன் பக்கம் பேசவில்லை. 30 சதவீதம் தெருவுக்கு என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். யாருடைய 30 சதவீதம்? எனக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. வரைபடத்தில் ஒரு சாலைக்கோடு குறுக்கே போட்டார்கள். என் நிலம் பாதிக்கு மேல் கோட்டுக்குள். பக்கத்து நிலத்தில் ஒரு அடிகூட இல்லை, ஆனால் சாலை வந்தால் அவர் மனை முகப்பு மனை. பத்து வருடமாகச் சாலையும் போடவில்லை, நிலத்தையும் விடவில்லை. விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது. அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அந்த நிலத்தை நம்பியிருந்தோம். பொது நன்மை என்றால் எல்லோரும்தானே சுமக்க வேண்டும்?

சங்கிலி_அளவர்:

தம்பி, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். நான் அளந்த நிலங்களில் இப்படி மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோட்டின் பாரம் ஒருவர் தலையில் விழுந்தால் அவர் வழக்குப் போடுவார், போடத்தான் வேண்டும். சாலை வேலை இருபது வருடம் முடங்கி நிற்கும்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு பகுதியின் எல்லா நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்ப்பது. தெருவுக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கும் வேண்டியதை மொத்தத்திலிருந்து எடுப்பது. மீதியை அவரவர் பங்குக்கு ஏற்ப, பழைய இடத்துக்குக் கூடியவரை பக்கத்தில், சதுரமான மனையாகத் திருப்பிக் கொடுப்பது. ஒவ்வொருவரிடமும் ஒரே விகிதம்தான் குறையும். கோணலாக, கோடாலி மாதிரிக் கிடந்த நிலம் நாலு மூலையும் சரியாகத் தெருமுகப்போடு திரும்பி வரும். அளவு குறைந்தாலும் மதிப்பு கூடும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான்.

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு 1902இல் மேயர் அடிக்கஸ் முயற்சியில் இதற்கென்று சட்டமே வந்தது. ஜப்பானில் 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவைத் திரும்பக் கட்டியதும் இப்படித்தான். ஜப்பானின் நகரப் பரப்பில் சுமார் 30 சதவீதம் இந்த முறையில் உருவானது. அகமதாபாத்தின் புறநகர்த் தெருக்கள் பெரும்பாலும் நகரமைப்புத் திட்டம் என்ற பெயரில் இதே வழியில் வந்தவை. 2001 நிலநடுக்கத்துக்குப் பின் புஜ் நகரின் நெருக்கமான பழைய பகுதிக்குள்ளும் செய்தார்கள். அங்கே சிறு மனைக்காரர்களிடம் குறைவாகவும் பெரிய மனைக்காரர்களிடம் அதிகமாகவும் எடுத்தார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

ஒன்று மட்டும் கறாராக இருக்க வேண்டும். காலக்கெடு. கோடு போட்டு நிலத்தைக் கட்டிப்போட்டுவிட்டுப் பத்து வருடம் தூங்குவது அநியாயம்.

மேட்டுநிலம்:

ஐயா, இப்படி ஒரு முறை இருப்பது எனக்குத் தெரியாது. விகிதம் எல்லோருக்கும் ஒன்று என்றால் நானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

நாற்பதடி_ரோடு:

வரைபலகை போட்ட கணக்கை உட்கார்ந்து நானும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் ஒரு கேள்வி. ஊர் ஏற்கெனவே நெரிந்து கிடக்கிற இடத்தில் மேம்பாலமும் கூடுதல் வழிகளும்தானே தீர்வு? எனக்கு ஒரு நடைக்கு ஒரு மணி நேரம் டீசல் எரிகிறது.

வரைபலகை:

உங்கள் டீசல் எரிவது எனக்கும் வருத்தம்தான். ஆனால் மேம்பாலம் அதைத் தீர்த்த இடம் குறைவு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்ற விரைவுச்சாலையை விரிவாக்கி 2008இல் முடித்தார்கள். அணுகுசாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 வழி வருகிறது. சில வருடங்களுக்குள் உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது. இடம் கிடைத்தது என்று தெரிந்ததும் புதிய வண்டிகள் வந்து நிரப்பிவிடுகின்றன. முன்பு வேறு நேரத்தில் போனவர், பேருந்தில் போனவர், போகாமலே இருந்தவர் எல்லோரும் வருவார்கள். இன்னும் தள்ளி வீடு வாங்குவார்கள்.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. 1968இல் பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர், ஒரு வலைப்பின்னலில் புதிதாக ஒரு சாலையைச் சேர்த்தால் எல்லோருடைய பயண நேரமும் கூடக்கூடும் என்று நிறுவினார். ஒவ்வொருவரும் தனக்கு நல்லது என்று அந்தப் புதுச் சாலைக்குத் திரும்ப, அதன் இரு முனையும் அடைத்துக்கொள்ளும். இணைப்பு நல்லது என்று நான் பாடிக்கொண்டே இருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். எந்த இணைப்பு, யாருக்கு என்பதையும் யோசிக்க வேண்டும். நடைக்கும் சைக்கிளுக்கும் திறப்பதில் இந்த ஆபத்து இல்லை.

சியோலில் நேர்மாறாகச் செய்தார்கள். சொங்கியேசொன் ஓடைக்கு மேல் இருந்த உயர்மட்டச் சாலையில் தினமும் ஒரு லட்சத்துக்கும் மேல் வண்டிகள் போயின. 2003இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். 2005இல் ஓடை திறந்தது. கூடவே பேருந்துத் தடங்களை மாற்றியமைத்து, நடுச்சாலையில் பேருந்துக்குத் தனிப்பாதை கொடுத்தார்கள். நகரம் நின்றுபோகவில்லை.

மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு வழி ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைக் கொண்டுபோகும் என்று அமெரிக்க நகரப் போக்குவரத்து அலுவலர்களின் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கார் என்றால் 600 முதல் 1,600 பேர். தனிப் பேருந்து வழி என்றால் 4,000 முதல் 8,000. நடைபாதை என்றால் 8,000 முதல் 9,000. உங்கள் லாரிக்கு வழி விட வேண்டுமானால் காரில் போகும் மனிதர்களைப் பேருந்துக்கும் நடைக்கும் மாற்றுவதுதான் மலிவான வழி. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இலேயே பேருந்துக்குத் தனிச்சாலை கொடுத்தது, உயரமான கட்டடங்களையும் அந்தச் சாலையை ஒட்டியே அனுமதித்தது. தெருவும் நிலப் பயன்பாடும் அங்கே ஒரே முடிவாக இருந்தன.

இருசக்கரம்:

நடப்பவர் பற்றிப் பேசும்போது சிக்னலையும் பார்க்க வேண்டும். நேற்று ஒரு சந்திப்பில் நின்று எண்ணினேன். சாலை 24 மீட்டர். சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் 20 நொடி. கைத்தடியோடு வந்த அம்மாவுக்கு நொடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்தால் 30 நொடி. பச்சை எரிந்தது 18 நொடி. அந்த அம்மா நடுத்தடுப்பு வரை வந்து, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்கு நின்றார். இரண்டு பக்கமும் பேருந்து உரசிக்கொண்டு போனது.

மூலை வளைவும் அப்படித்தான். பெரிய வளைவாக வெட்டினால் வண்டி வேகத்தைக் குறைக்காமல் திரும்பும். கடக்கும் தூரமும் கூடும். சிறிய வளைவாக இருந்தால் ஓட்டுநர் பிரேக் போட்டே ஆக வேண்டும். பார்சிலோனாவில் செர்தா தொகுதிகளின் மூலைகளைச் சாய்வாக வெட்டியதற்கு ஒரு காரணம், ரயில்வண்டி தெருவில் திரும்ப வேண்டும் என்று எண்ணியது. பார்ப்பதற்கு அழகு, நடப்பவர் மட்டும் ஒவ்வொரு சந்திப்பிலும் உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

கடைசி_நிறுத்தம்:

அந்த வளைவு விஷயத்தில் பேருந்துக்கும் கொஞ்சம் இடம் வேண்டும் தங்கச்சி. எல்லா மூலையையும் இறுக்கிவிட்டால் என் பின்சக்கரம் நடைபாதையில் ஏறும். பேருந்துத் தடம் வரும் மூலையை மட்டும் விட்டு மற்றதை இறுக்கலாம்.

இருசக்கரம்:

சரிதான் அண்ணா, அப்படித்தான் செய்ய வேண்டும்.

வரைபலகை:

கோடைமழையின் முதல் கேள்விக்கு வருகிறேன். இன்று வேகமாக வளரும் ஊர்களில் முழுத் திட்டமும் போட்டு, எல்லாத் தெருவையும் அரசே அமைக்கப் பணமும் இருக்காது, ஆளும் இருக்காது. அதற்கு ஷ்லோமோ ஏஞ்சல் என்ற நகரவியலாளர் ஒரு எளிய வழியைச் சொல்லி வருகிறார். பெரிய சாலைகளுக்கான நிலத்தை மட்டும் முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள், ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று, சுமார் 30 மீட்டர் அகலம். தார் போட வேண்டாம். எல்லைக் கல் நட்டு, மரம் வைத்தால் போதும். எத்தியோப்பியாவில் ஹவாசா, அடாமா, பாஹிர் தார், மெக்கெலே நகரங்களில் இதை நடைமுறைப்படுத்தினார்கள்.

நான் கணக்குப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் 30 மீட்டர் சாலை என்றால் 6 சதவீத நிலம்தான். எந்த வீட்டிலிருந்தும் அதிகபட்சம் அரை கிலோமீட்டருக்குள் ஒரு பெரிய சாலை. பேருந்து அங்கே வரும், குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அதன் அடியில் போகும், நாற்பதடி நண்பரின் லாரியும் அதில் போகும். உள்தெருவைப் போடும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு விதி: பக்கத்து நிலத்தின் எல்லை வரை தெருவைக் கொண்டுபோய்த் திறந்து விட வேண்டும். நிலம் மலிவாக இருக்கும்போது 6 சதவீதம் கொடுக்க மனம் வராத ஊர், பின்னால் ஒரு தெருவைத் திறக்க வரிசையாக வீடுகளை இடிக்கிறது. இடிபடுவது எப்போதும் ஏழை வீடுதான். அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

சங்கிலி_அளவர்:

கோடைமழை அம்மா, உங்கள் சுவருக்கு ஒரு யோசனை. இரண்டு மனைப்பிரிவுகளுக்கும் அனுமதி கொடுத்த வரைபட நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். உங்கள் நான்காவது குறுக்குத் தெருவின் முனையைப் பாருங்கள். தெருவின் இரண்டு கோடுகளையும் குறுக்கே ஒரு கோடு போட்டு மூடியிருக்கிறார்களா, எல்லை வரை கொண்டுவந்து திறந்து விட்டிருக்கிறார்களா? திறந்திருந்தால் அது தொடர வேண்டிய தெரு.

கோடைமழை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நகல் கிடைக்க அத்தனை நாள் ஆனது.

ஐயா சொன்ன மாதிரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எங்கள் வரைபடத்தில் தெருமுனை திறந்திருக்கிறது. அவர்கள் வரைபடத்திலும் திறந்திருக்கிறது. இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கோடுகள் ஒரு மீட்டர்கூட விலகவில்லை, நேருக்கு நேர். அந்தச் சுவர் எந்த வரைபடத்திலும் இல்லை.

இரண்டு பக்கத்து ஆட்களிடமும் பேசினேன். கதவெண்_9 அண்ணாவுக்கு இருக்கும் அதே பயம்தான் அவர்களுக்கும். இருசக்கரம் சொன்ன கம்பத்தைப் படம் வரைந்து காட்டினேன். 2 மீட்டர் திறப்பு, நடுவில் கம்பம், சக்கர நாற்காலி போக இடம், இரவில் ஒரு விளக்கு. 64 வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் மறுத்துவிட்டார்கள், அவர்களிடம் மறுபடி போவேன். திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன்.

சங்கிலி_அளவர்:

ரொம்ப சந்தோஷம் அம்மா. இரண்டு நகலிலும் அந்த முனையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு மனுவோடு இணையுங்கள். மூல நகலைக் கொடுத்துவிடாதீர்கள், நகலின் நகல் போதும். சுவர் தெருக்கோட்டுக்குள் எத்தனை அடி இருக்கிறது என்று நாடா பிடித்து அளந்து, இரண்டு மூலையிலிருந்தும் தூரம் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.